பழுது காதிலா, வாயிலா? ஆங்கிலம் பிடிபடாதவர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

மதுரை சிம்மக்கல்லில் நான் வண்டி விடும் மெக்கானிக், சாவியை வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "ஸ்டார்ட்டே ஆகலையாண்ணே, இல்ல ஆகி ஆகி நிக்குதா?" பதிலைப் பொறுத்துத்தான் அவர் கை பிளக்குக்குப் போவதும் கார்புரேட்டருக்குப் போவதும். "வண்டி சரியில்லப்பா" என்று மொட்டையாகச் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுவார்.

என் மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் அப்படி மொட்டையாகத்தான் சொல்கிறார்கள். "சார், இங்கிலீஷ் வரமாட்டேங்குது." வெளிநாட்டு வேலைக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதும் நர்ஸ், கோயில் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டும் அண்ணன், போனில் வாடிக்கையாளரிடம் பேசும் வேலைக்கு இன்டர்வியூ போகும் பையன், எல்லோருக்கும் ஒரே புகார். ஆனால் பழுது ஒன்றல்ல. அந்தப் போன் வேலையைச் சில வருடம் நானும் பார்த்தவன். அதில் பட்டதையும், வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்ப்பதையும் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அதை மட்டும் படியுங்கள்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆங்கில ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதினால் பாதி ஒலி வழியிலேயே சிந்திவிடும். ஆகவே இங்கே எழுதியிருப்பதை மனப்பாடம் செய்யாதீர்கள். குரல் பட்டன் உள்ள இணைய அகராதியில் அந்தச் சொல்லை அழுத்திக் கேட்டுவிட்டு வாருங்கள்.

முதல் சோதனை

எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்கிற ஒரு நிமிட ஆங்கிலப் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள். பிறகு படியுங்கள். படித்தும் புரியவில்லை என்றால் உங்களுக்கு வேண்டியது சொல்வளம். இந்தப் பட்டியல் உதவாது. "அட, இதைத்தான் சொன்னானா?" என்று தோன்றினால் பழுது காதில்.

வாய்க்கு, போனில் பேச்சை எழுத்தாக்கும் வசதியைத் திறந்து பத்துச் சொற்களைச் சொல்லிப் பாருங்கள். மொழி அமைப்பில் இந்திய ஆங்கிலம் இருந்தால் அது நம் உச்சரிப்பை ஓரளவு அனுசரித்துக்கொள்ளும். பிரிட்டிஷுக்கோ அமெரிக்கனுக்கோ மாற்றிவிட்டுச் சொல்லுங்கள். அது எதைத் தவறாக எழுதுகிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். போன் சொல்வது தீர்ப்பு அல்ல, துப்புதான்.

அறிகுறி: படித்தால் புரிகிறது, கேட்டால் புரியவில்லை. "ரொம்ப ஸ்பீடா பேசுறாங்க சார்."

வேகம் இல்லை காரணம். ஒரு வெள்ளைக்காரர் புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறார் என்று வையுங்கள். "அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இங்கே காதில் விழுவதோ, "வந்துட்ருக்காய்ங்க." அதைப் பதிவு செய்து பாதி வேகத்தில் ஓட்டிக் கேட்டாலும் 'கொண்டு' அதற்குள் கிடைக்காது, அது அங்கே இல்லவே இல்லை. கண்டக்டர் "அங்கிட்டுத் தள்ளி நில்லுங்கண்ணே, எறங்குறவங்களுக்கு வழி விடுங்க" என்று எவ்வளவு நிதானமாகச் சொன்னாலும் அவருக்குப் புரியப்போவதில்லை. எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆங்கிலத்தில் நாம்தான் அந்த வெள்ளைக்காரர். 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்று காது காத்திருக்கிறது. அவன் 'வாட்ச கனா டூ' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். 'கப் ஆஃப் டீ' என்பது 'கப்ப டீ'. 'ஃபிஷ் அண்ட் சிப்ஸ்' என்பது 'ஃபிஷ்ஷன் சிப்ஸ்'. டு, ஆஃப், அண்ட், ஃபார், வாஸ், கேன் போன்ற சில்லறைச் சொற்களுக்கு இரண்டு உருவம் உண்டு. தனியாகச் சொன்னால் முழு உருவம், வாக்கியத்துக்குள் வந்தால் தேய்ந்த உருவம். நமக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது முழு உருவம் மட்டும்.

இந்தத் தேய்மானம் நமக்குப் புதிதும் அல்ல. குற்றியலுகரம், குற்றியலிகரம், ஐகாரக் குறுக்கம் என்று எந்த எழுத்து எங்கே குறுகும் என்பதற்குத் தனிக் கணக்கே வைத்திருக்கிற மொழி தமிழ். ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத இடத்தில் பெரும்பாலான உயிர்கள் குறுகி, வாயைத் திறக்க மனமில்லாதவன் சொல்லும் 'அ' மாதிரி மங்கிவிடும். 'பனானா'வில் நடுவில் உள்ளதுதான் உண்மையான ஆ. முன்னும் பின்னும் இருப்பவை அந்த மங்கல் 'அ'தான்.

சரிசெய்ய: தினமும் இருபது விநாடிப் பேச்சு போதும். கேட்டுக் கேட்டு ஒவ்வொரு சொல்லாக எழுதுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போனவற்றைச் சிவப்பில் வட்டமிடுங்கள். பெரிய பெரிய சொற்கள் எல்லாம் பிடிபட்டிருக்கும். வட்டம் விழுந்தவை பெரும்பாலும் அந்தச் சில்லறைச் சொற்களாக இருக்கும். அடுத்து, பேச்சை ஓடவிட்டு அதன் வாலைப் பிடித்தாற்போலக் கூடவே நீங்களும் சொல்லுங்கள், அதே தேய்மானத்தோடு. தன் வாய் சொல்லிப் பழகிய ஒலியைக் காது சட்டென்று அடையாளம் காணும். சப்டைட்டில் போட்டுப் படம் பார்ப்பதால் மட்டும் காது திறக்காது, அங்கே வேலை செய்வது கண். முதல் சுற்றில் அணைத்துவையுங்கள். இரண்டாம் சுற்றில் ஆங்கிலச் சப்டைட்டில்.

இதுவும் கஷ்டமாக இருந்தால் ரயில்வே ஸ்டேஷனில் தொடங்குங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. சென்னைக்குப் போகும் வைகை எக்ஸ்பிரஸின் எண் 12636 என்பதை முதலில் தமிழில் சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலம் வரும்போது பொருள் ஏற்கெனவே கையில் இருக்கும். காதுக்கு ஒலியைப் பிடிக்கும் வேலை மட்டும்தான். பத்து நாளில் அது சலித்துவிடும். சலித்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

அறிகுறி: எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தெரியவில்லை.

இது புணர்ச்சி. மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உயிர் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தோமே, அதேதான். 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிட்டப்'. 'அன் ஆப்பிள்' என்பது 'அனாப்பிள்'. மணி அடித்தது 'மணியடித்தது' ஆவது போல 'ஸீ இட்' என்பது 'ஸீயிட்'. பூ அழகு 'பூவழகு' ஆவது போல 'டூ இட்' என்பது 'டூவிட்'. உடம்படுமெய் அங்கேயும் ய, வ இரண்டுதான். 'டிட் யூ' என்பது 'டிஜூ' ஆவது மட்டும் கொஞ்சம் புதுசு.

அமெரிக்கர் பேச்சில் இன்னொன்று. இரண்டு உயிருக்கு நடுவே வரும் ட மெலிந்துவிடும். 'வாட்டர்', 'பட்டர்' எல்லாம் 'வாடர்', 'படர்' ஆகும். 'பட்டம்' என்பதில் ட்ட வன்மையாகவும், 'படம்' என்பதில் ட மெலிந்தும் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் காதுக்கு இது அரை மணி நேர வேலை.

அறிகுறி: முடியும் என்றாரா, முடியாது என்றாரா?

இதில் நான் சூடுபட்டவன். போன் வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம். அமெரிக்கப் பெண்மணி ஒருவர் தன் கணக்குக்குள் நுழைய முடியவில்லை என்கிறார். என் காதில் விழுந்தது 'ஐ கேன் கெட் இன்'. நுழைய முடிகிறதாமே, நல்லது என்று நினைத்து நன்றி சொல்லி, 'பிரச்சினை தீர்ந்தது' என்று குறித்துப் புகாரை மூடிவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் அவர் மறுபடியும் கூப்பிட்டார், என்னை அல்ல, என் மேலதிகாரியை. பதிவை ஓட்டிக் கேட்டார்கள். நான் நான்கு முறை கேட்டேன். கடைசி 'ட்' எனக்கு நான்கு முறையும் கேட்கவே இல்லை.

கேட்காது. அமெரிக்கர்கள் 'கேன்ட்' என்பதன் இறுதி 'ட்'டை அடுத்த மெய்க்கு முன்னால் தொண்டைக்குள் அமுக்கிவிடுவார்கள். அதைத் தேடக்கூடாது, தேட வேண்டியது உயிரை. முடியும் என்றால் 'கன்' என்று விழுங்கிவிட்டு அடுத்த வினைச்சொல்லில் அழுத்துவார்கள்: 'ஐ கன் கெட்டின்'. முடியாது என்றால் 'கேன்' முழுசாக, அழுத்தமாக, சட்டென்று வெட்டினாற்போல நிற்கும். அதாவது 'கேன்' தெளிவாகக் காதில் விழுந்தால் பெரும்பாலும் அது 'முடியாது'! வாக்கியத்தின் கடைசியில் வரும்போது மட்டும் ('யெஸ், ஐ கேன்') முடியும் என்பதற்கும் முழு உருவம் வரும். பிரிட்டிஷ்காரர்கள் 'கான்ட்' என்று நீட்டிவிடுவதால் அவர்களிடம் இந்தத் தொல்லை இல்லை. சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கேளுங்கள்: 'ஸோ யூ ஆர் நாட் ஏபிள் டு?' அன்றைக்கு நான் கேட்டிருந்தால் அந்த மாத ஊக்கத்தொகை தப்பியிருக்கும்.

அறிகுறி: பதின்மூன்றா, முப்பதா?

'தர்ட்டீன்' கடைசியில் அழுந்தி நீளும். 'தர்ட்டி' முதலில் அழுந்தி வெடுக்கென்று முடியும். ஆனால் பின்னால் ஒரு பெயர்ச்சொல் ஒட்டினால் தர்ட்டீனுக்கும் அழுத்தம் முன்னால் நகர்ந்துவிடும், அப்போது அவர்களே குழம்புவார்கள். 'ஒன் த்ரீ?' என்று இலக்கம் இலக்கமாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஐஇஎல்டிஎஸ்ஸில் அப்படிக் கேட்க முடியாது. நாற்பது கேள்வி, ஏறக்குறைய முப்பது நிமிடம், ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். அங்கே சூழலும் இறுதியில் வரும் 'ன்'னும்தான் துணை.

இனி வாய்ப் பக்கம்.

அறிகுறி: ஒவ்வொரு எழுத்தும் சரியாகத்தான் சொல்கிறேன், இருந்தும் 'பார்டன்?' என்கிறார்கள்.

கோயில் வழிகாட்டி அண்ணன் கொண்டுவந்த புகார் இது. "புதுமண்டபத்துல நின்னு 'டெவலப்டு'ன்னு மூணு தடவ சொன்னேன் சார், அந்தம்மா மண்டையவே ஆட்டல." அவர் 'டெ'யில் அழுத்தி, மற்ற அசைகளைச் சமமாகச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் அழுத்தம் நடுவில், 'வெ' மீது விழ வேண்டும்: டி-வெ-லப். ஆங்கிலக் காது முதலில் தேடுவது அழுத்தம் விழும் அசையை. இடம் மாறினால் அதற்கு அது வேறு சொல், அல்லது சொல்லே இல்லை.

தமிழில் அழுத்தத்தை மாற்றினால் பொருள் மாறாது. நெடில் குறில் மாறினால்தான் மாறும். பல் வேறு, பால் வேறு. அதனால் எல்லா அசைக்கும் சம மரியாதை கொடுப்பது நம் நாக்கில் ஊறிய பழக்கம். 'ஹோட்டல்' என்று நாம் முதலில் அழுத்துவதை அவர்கள் 'ஹோ-டெல்' என்று பின்னால் அழுத்துவார்கள். 'இவென்ட்', 'கமிட்டி' இரண்டிலும் இரண்டாம் அசை. 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லானால் முதல் அசையில் அழுத்தம், வினையானால் இரண்டாவதில். 'வெஜிடபிள்' நாலு அசை இல்லை, மூன்று: வெஜ்-ட-பிள்.

ஒரே வேரில் பிறந்தவையும் ஏமாற்றும். 'ஃபோட்டோகிராஃப்' முதலில் அழுந்தும். 'ஃபோட்டோகிராஃபர்' என்றதும் அழுத்தம் 'டா'வுக்குத் தாவும், முன்னால் இருந்த 'ஃபோ' மங்கி 'ஃப' ஆகிவிடும்: ஃப-டா-க்ர-ஃபர். 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் 'க்ரா'வில்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு விதி உண்டு. 'ஷன்', 'இக்', 'இட்டி' என்று முடியும் நீண்ட சொற்களில் அந்த விகுதிக்கு முந்திய அசையில் அழுத்தம் விழும்: எஜு-கே-ஷன், எக-னா-மிக், எலக்-ட்ரி-சிட்டி. 'அரபிக்', 'பாலிடிக்ஸ்' மாதிரி சில அடங்காப் பிள்ளைகள் உண்டு. அவற்றைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பழகும் முறை: அகராதியில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னச் செங்குத்துக் கோடு இருக்கும். 2023-இல் நத்தம் ரோட்டில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறவர்கள் ஒரு பெரிய ஆங்கில அகராதியை இந்தக் கோட்டுக்காக மட்டும் அரை மணி நேரம் புரட்டுங்கள், நீங்கள் இத்தனை நாள் நம்பிவந்த சொற்கள் எத்தனை கவிழ்கின்றன என்று தெரியும். வீட்டில் மேசையைத் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். அழுத்த அசைக்கு ஒரு தட்டு. மற்றவற்றுக்குத் தட்டக் கூடாது. வழிகாட்டி அண்ணன் தன் சுற்றுலாவில் வாடிக்கையாகச் சொல்லும் முப்பது சொற்களை மட்டும் இப்படித் தட்டித் தட்டிச் சரிசெய்தார். ஒன்றரை மாதம் ஆனது. முழு ஆங்கிலத்தையும் அவர் தொடவில்லை, தொடத் தேவையும் இருக்கவில்லை.

அறிகுறி: குளிருக்குப் போடும் கோட் என்றால் மேயும் கோட் என்று நினைக்கிறார்கள்.

பாருங்கள், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. இருந்தாலும் நம்மில் பலர் வேறுபடுத்தித்தான் சொல்கிறோம். அப்படியும் ஆடு மேய்வதற்குக் காரணம் காற்று. அழுத்த அசையின் தொடக்கத்தில் வரும் ப, ட, க மூன்றையும் ஆங்கிலேயர் காற்றோடு வெடிப்பார்கள். காற்று இல்லாமல் வந்தால் அவர்கள் காது அதை மெலிந்த ஒலியாக எடுத்துக்கொள்ளும். செய்தித்தாள் ஓரத்தை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து உதட்டுக்கு முன் தொங்கவிட்டு 'பென்' என்று சொல்லுங்கள். தாள் துள்ள வேண்டும். 'ஸ்பின்', 'ஸ்டாப்' போல முன்னால் 'ஸ்' வந்தால் துள்ளக் கூடாது. சௌராஷ்டிரம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது முதல் நாளே வந்துவிடுகிறது. அவர்கள் மொழியில் காற்றோடு வரும் வல்லினம் உண்டு. மற்றவர்களுக்கு ஒரு வாரமும் கொஞ்சம் பேப்பரும் போதும்.

ட-வை மேலண்ணத்தில் மடக்கிச் சொல்வதைப் பற்றி வகுப்பில் கேட்பார்கள். 'ன்' சொல்லும்போது நாக்கு தொடும் இடத்திலேயே ஆங்கிலத்தின் ட-வைச் சொன்னால் சரியாகிவிடும். ஆனால் நம் ட யாருக்கும் புரியாமல் போவதில்லை. அதற்கு மெனக்கெடாதீர்கள்.

அறிகுறி: 'எக்ஸாம்' என்றால் 'யெக்ஸாம்', 'ஓப்பன்' என்றால் 'வோப்பன்'.

'எங்க' என்பதை 'யெங்க' என்றும் 'ஒண்ணு' என்பதை 'வொண்ணு' என்றும் சொல்லும் நாக்கு அது. முன்னால் 'அன்' சேர்த்து ஒரே மூச்சில் சொல்லுங்கள்: 'அனெக்ஸாம்', 'அனெக்'. 'ன்' அங்கே உட்கார்ந்துவிட்டால் 'ய்' நுழைய இடமில்லை. இருபது தடவைக்குப் பிறகு 'அன்'னை மனசுக்குள் மட்டும் சொல்லிவிட்டு மீதியை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சின்னச் சின்னப் பழுதுகள்

'இஸ்கூல்' வருகிறதா? பாம்பு மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டி, நிறுத்தாமல் 'கூல்' சேருங்கள். இறுதியில் 'கார்டு', 'லைக்கு' என்று உகரம் ஒட்டுகிறதா? கடைசி மெய்யில் வாயை அப்படியே நிறுத்துங்கள்.

'தி', 'திஸ்' தொடக்கத்துக்கு 'அது' என்பதில் மெதுவாக வரும் த சரி. 'பத்து' என்பதில் வருவது சரிப்படாது. 'திங்க்' என்பதற்கு நாக்கு அதே இடம், குரல் இல்லாமல் காற்று மட்டும்.

மேற்குத் திசைக்கும் உள்ளே போடும் பனியனுக்கும் ஒரே 'வெஸ்ட்' வருகிறதா? திசைக்கு உதட்டைக் குவித்து 'உ'வில் தொடங்குங்கள், பல் படக்கூடாது. பனியனுக்கு மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும்.

தலையில் வைக்கும் கேப், வாடகைக்கு வரும் கேப்: வண்டிக்கு உயிரைக் கொஞ்சம் நீட்டினால் போதும், கடைசி மெய்யைப் பற்றிக் கவலை வேண்டாம். குறில் நெடில் நமக்குக் கைவந்த விஷயம்.

அமெரிக்க 'ர்' வேண்டும் என்கிறவர்களுக்கு: நம் ழ அதற்கு ரொம்பப் பக்கம். 'வாளப்பளம்' வாங்கும் ஆட்கள் முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்.

அறிகுறி: நேரில் புரிகிறது, போனில் மட்டும் 'எஸ்'ஸும் 'எஃப்'ஃபும் குழம்புகின்றன.

இது உங்கள் பழுது அல்ல, லைனுடைய பழுது. பழைய தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியை மட்டுமே கடத்தும். 'ஸ்' என்பதை 'ஸ்' ஆகக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. அதனால்தான் வெள்ளைக்காரர்களே தங்களுக்குள் 'எஸ் ஃபார் ஸியரா, எஃப் ஃபார் ஃபாக்ஸ்ட்ராட்' என்று விளக்கிக்கொள்கிறார்கள். இதை வகுப்பில் சொன்ன மறுநாளே ஒரு பையன் போன் இன்டர்வியூவில் தன் இமெயில் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறான். ஸியரா மறந்துவிட்டது. "எஸ் ஃபார் சிம்மக்கல், எம் ஃபார் மேலூர், டி ஃபார் திருமங்கலம்" என்று போட்டுத் தாக்கியிருக்கிறான். எதிர்முனையில் சிரிப்பு. எஃப் வந்ததும் மாட்டிக்கொண்டான். மதுரையைச் சுற்றி எவ்வளவு யோசித்தும் எஃப்பில் ஓர் ஊர் அகப்படவில்லை.